தொடர்பில்லை என்று வந்த முடிவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா? அண்ணன் தூங்குகிறானா?

அவனுக்கு வந்த மனச்சிதைவு நோய்க்கு ஒரு மரபணு மாற்றம் காரணமா என்று இங்கே எங்கள் ஆய்வகத்தில் சோதித்தோமே, முடிவு வந்துவிட்டது. நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் அது ஒரே அளவில்தான் இருக்கிறது. தொடர்பே இல்லை.

"இதுவும் ஒரு விடைதாம்மா" என்றார் பேராசிரியர். "எங்க அண்ணனுக்கு இல்லையே சார்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவருக்கு அப்போதுதான் விஷயம் தெரியும். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்தார். கவலைப்படாதீர்கள், கொஞ்சம்தான் அழுதேன்.

உங்கள் வழியில் வந்த நோய் என்று அத்தை இனிச் சொன்னால், "ஆராய்ச்சி பண்ற என் மகளுக்கே தெரியலையாம், உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். ஞாயிறு போன் செய்யும்போது, அண்ணன் பேசாவிட்டாலும் போனை அவன் காதில் வையுங்கள். அவன் மூச்சுவிடுவது கேட்டால் போதும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது, அம்மா.

உங்கள் மகள்