எதிர்க் கட்டடம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் வரும்போது நான் ஷிப்டுக்குப் போயிருப்பேன். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

பாப்பாவுக்கு மறுபடியும் நிமோனியா. ரத்தத்தில் வைட்டமின் டி ரொம்பக் குறைவாம். "அது குறைஞ்சா நுரையீரல்ல சீக்கிரம் தொற்று வரலாம். மருந்து தர்றேன், கொஞ்சம் வெயிலும் படட்டும்" என்றார் டாக்டர்.

தெருவில் இறக்கினால் சிமென்ட் தூசி, இருமித் துடிக்கிறாள். நம் ஜன்னலில் விழுந்த காலை வெயிலையும் நீங்கள் கட்டுகிற எதிர்க் கட்டடம் போன வாரம் மறைத்துவிட்டது. உங்களைக் குறை சொல்லவில்லை. மருந்து வாங்கியதே அந்தச் சம்பளத்தில்தான்.

"அப்பா மேலதானே இருக்காரு, வெயிலை இந்தப் பக்கம் தள்ளிவிடச் சொல்லும்மா" என்கிறாள்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நாளைக்கு அடுத்த மாடிக்குத் தளம் போடுவதாகச் சொன்னீர்களே, நேரத்துக்குப் போய்விடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா