ஒரு வரிச் செங்கல்

அக்கா,

புது அடுப்படியில் பசை நாற்றம் இன்னும் போகவில்லை. பலகைகளை ஒட்டுவதற்குப் பூசிய பசை. ஒரு வாரத்தில் போய்விடும் என்று பொருத்தியவர்கள் சொன்னார்கள். மூன்று வாரம் ஆகிறது. இன்று காலை ரசத்துக்குப் பெருங்காயம் போட்டுவிட்டு முகர்ந்தேன். பெருங்காயத்துக்குப் பின்னால் அந்த நெடி நின்றது. அடுப்பை அணைத்துவிட்டுப் பின்வாசலுக்கு வந்து, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து உங்களை நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். கதவுகளெல்லாம் கரும்பச்சை, முகம் பார்க்கலாம். இழுப்பறையைத் தள்ளினால் பாதி வழியில் தானாகவே மெதுவாக மூடிக்கொள்கிறது. பார்க்க வருகிற பெண்கள் அதையே திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்க்கிறார்கள். கத்திகள் ஒட்டிக்கொண்டு நிற்கச் சுவரில் ஒரு காந்தப் பட்டை. மாவு பிசைய நடுவில் ஒரு தனி மேடை, அதற்கு மேலே மூன்று விளக்குகள். இவ்வளவும் யாருக்கு என்று கேட்பீர்கள். உங்கள் மகன் சமைக்கிறான் அக்கா.

நீங்கள் போன பிறகு, அப்பா தனியாக இருக்கிறார் என்று கம்பெனியில் கேட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும்படி ஊருக்கு வந்துவிட்டான். நானும் உங்கள் கொழுந்தனும் இதே வீட்டில்தான் இருக்கிறோம், இருந்தாலும் பெற்ற மகன் பக்கத்தில் இருப்பதுபோல் வருமா. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சமையல். கனமான இரும்புச் சட்டி வாங்கியிருக்கிறான். இறைச்சிக்கு ஒரு கத்தி, வெங்காயத்துக்கு ஒரு கத்தி. ருசியாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. உங்கள் வீட்டுக்காரர், அத்தான், பூ மார்க்கெட்டில் தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மகனின் பிரியாணியைப் பற்றித்தான் பேசுகிறார். பிரியாணிக்கே பேர்போன சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு வீட்டுப் பிரியாணியைப் பற்றிப் பெருமை பேச ஒரு தைரியம் வேண்டும். மற்ற ஆறு நாளும் நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் வைக்கிற சோற்றையும் குழம்பையும் பற்றி அவர் எங்கேயும் பேசியதாகத் தெரியவில்லை. உங்களுடையதைப் பற்றியும் பேசியதில்லை.

மகன் ஒரு நாள், "அப்பா, இந்தக் கிச்சன்ல ஒழுங்கா சமைக்க முடியல" என்றான். ஒரே ஒரு நாள்தான் சொன்னான். அடுத்த வாரமே திருநெல்வேலியிலிருந்து மாடுலர் கிச்சன் போடுகிறவர் வந்து இறங்கினார்.

அவர் நாற்பது வயதுக்காரர், நல்ல மனிதர். டேப்பை எடுத்துக்கொண்டு, "யாரு சமைப்பாங்க? அவங்க முழங்கை ஒசரத்த வச்சுத்தான் மேடை போடணும்" என்றார். நான் கையில் டீ டம்ளர்களோடு நின்றேன். அன்று காலை அங்கே சமைத்தவள் நான்தான்.

"எம்மவன்தான்" என்றார் அத்தான். உங்கள் மகன் ஆறடி. கையை மடக்கிக் காட்டினான், அவர் அளந்து முப்பத்தெட்டு அங்குலம் என்று எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "மேடம் சமைக்க மாட்டீங்களா?" என்றார்.

அத்தான்தான் பதில் சொன்னார். "செல்வியா? அவ அன்னன்னைக்கு எதையாவது வைப்பா. இது இவன் சீரியஸா சமைக்கிறதுக்கு."

அக்கா, நீங்கள் இருபத்தெட்டு வருடம் எதையாவது வைத்துக்கொண்டிருந்தீர்கள். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், சொதியும் இஞ்சித் துவையலும், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்து இறங்குகிற நாற்பது பேருக்கு இரண்டு வேளைச் சாப்பாடும் எல்லாம் அந்த எதையாவதுதான். அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் வாயைத் திறக்காமல் டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். அப்படிப் போவது எனக்குப் பழக்கம்.

நம் பழைய மேடை எப்படி வந்தது என்று நீங்கள்தான் ஒரு முறை சொன்னீர்கள். நீங்கள் குருவிகுளத்திலிருந்து வாக்கப்பட்டு வருவதற்கு முன்பே நம் மாமனார் கட்டியது. அடியில் அரிசி டிரம் நிற்க வேண்டும் என்று டிரம்முக்கு அளவெடுத்துக் கட்டினார்களாம். முன்னால் நிற்கப் போகிறவளுக்கு அளவெடுக்கத் தோன்றவில்லை. நீங்களோ ஐந்தடிகூட இல்லை. ஒரு மணைப்பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொள்வீர்கள். பலகை ஆடும் என்று எண்ணெய்ச் சட்டி வைக்கிற நேரத்தில் மட்டும் தரையில் இறங்கி, தோளுக்கு மேல் கையைத் தூக்கித் தூக்கிப் பொரித்தெடுப்பீர்கள். வேலை முடிந்ததும் தோளைப் பிடித்துக்கொண்டு கதவோரம் உட்காருவீர்கள். அதற்கு இந்த வீட்டில் ஒரு பெயரே உண்டு. மேடை வலி. உங்கள் கொழுந்தன் வைத்த பெயர். "என்ன மதினி, இன்னைக்கு மேடை வலி எப்படி?" என்று கேட்பார், ஏதோ ஊரிலிருந்து வந்த விருந்தாளியை விசாரிப்பதுபோல. "அது நல்லா இருக்கு, நாந்தான் செத்துக்கிட்டு இருக்கேன்" என்பீர்கள். எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

பூ விலை ஏறி, அத்தான் கையில் கொஞ்சம் காசு புரண்ட வருடம் நினைவிருக்கிறதா. "வீட்டுல ஏதாவது ஒரு வேலை பாக்கலாம்னு இருக்கேன். ஹாலா, அடுப்படியா?" என்று கேட்டார். நீங்கள் கரண்டியோடு வந்து நின்று, "அடுப்படியெல்லாம் வேண்டாம். மேடைய மட்டும் நாலு விரக்கடை எறக்கிக் குடுங்க, போதும்" என்றீர்கள்.

உங்கள் கொழுந்தன், "அதுக்கு நீங்க கொஞ்சம் வளந்துருங்க மதினி, செலவு மிச்சம்" என்றார்.

"பொண்ணு பாக்க வரும்போது அளந்து பாத்துருக்கலாம்லா கொழுந்தனாரே. அன்னைக்கு பஜ்ஜியத்தானே பாத்திய."

அத்தானே சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ படிச்சவ. நீ சொல்லு" என்றார்.

நான் சொன்னேன் அக்கா. "ஹால மொதல்ல முடிச்சிரலாம் அத்தான். தபசுக்கு ஆள் வரும்லா."

ஆள் வரும் என்று நான் சொன்னது என் அலுவலகத்து ஆட்களை. முந்தைய வருடம் வந்தவர்களில் ஒருத்தி வெடித்துக் கிடந்த சிமெண்ட் தரையைப் பார்த்துவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்த வெட்கம் எனக்குள் கிடந்தது. உங்கள் தோளைவிட அவளுடைய சேலைக் கரை எனக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது. நீங்கள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தீர்கள். "அதுவுஞ் சரிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஹாலுக்கு வெள்ளை டைல்ஸ் வந்தது.

அந்தக் கடைசிக் காலையை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நான் ஈரத்தலையோடு சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் குழம்பைக் கிண்டிக்கொண்டே, "ஏட்டி செல்வி, இன்னைக்கு எடது கையில வெரல் வரைக்கும் இழுக்குட்டி" என்றீர்கள். நான் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மேடை வலிதான்க்கா. தைலம் தேச்சுக்கோங்க" என்றேன்.

"ஆமா, மேடை வலிதான்" என்று நீங்களும் சொன்னீர்கள்.

பதினோரு மணிக்கு எனக்குப் போன் வந்தது. டாக்டர், மாரடைப்பு என்றார். கையில் இழுத்தது எப்போதிலிருந்து என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்று அத்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

உங்களை அந்த வெள்ளை டைல்ஸ் மேல்தான் கிடத்தினோம். நான் ஆசைப்பட்டபடியே ஆட்கள் வந்தார்கள். மேலநீலிதநல்லூரிலிருந்து வந்த ஒரு தூரத்துச் சொந்தக்காரர் அழுது முடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "டைல்ஸ் எப்பம் போட்டது?" என்று என்னிடம் கேட்டார். நான் அதற்கும் பதில் சொன்னேன். வருடம்கூடச் சொன்னேன்.

பழைய மேடையை உடைத்த அன்று நான் லீவு போட்டிருந்தேன். கடப்பாக் கல்லைப் பெயர்த்துத் தூக்கியதும் அடியிலிருந்து ஒரு நாற்றம் எழும்பியது. இத்தனை வருடத்து எண்ணெய்ப் பிசுக்கு, கரப்பான் முட்டைகள், ஊறிப்போன சுண்ணாம்பு, எலிப் புழுக்கை. அத்தான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, இதுக்குள்ள எப்படித்தான் கெடந்தாளோ" என்றார். ஏதோ நீங்களாகத் தேடிப் போய்க் கிடந்ததுபோலச் சொன்னார். எனக்குக் கரப்பான் முட்டைமேல் வராத அருவருப்பு அவர்மேல் வந்தது.

கொத்தனார் மேடையைத் தாங்கிய சுவரை அளந்து பார்த்துவிட்டு, "ஏன் அண்ணாச்சி, இம்புட்டு ஒசரமா கட்டியிருக்கு?" என்று கேட்டார்.

"அரிசி டிரம் நிக்கணும்லா."

"டிரம்ம வெளிய எடுத்து வச்சிட்டு எறக்கியிருக்கலாமே. ஒரு வரிச் செங்கல் எடுத்தாப் போதும். கல்லத் தூக்கி, ஒரு வரிய உருவிட்டு, திரும்ப வச்சுப் பூசினா முடிஞ்சுது. அரை நாள் வேலை."

ஒரு வரிச் செங்கல் அக்கா. நீங்கள் கேட்ட நாலு விரல்.

அத்தான் வாசல் பக்கம் பார்த்தார். உங்கள் கொழுந்தன் செல்போனைப் பார்த்தார். மாடுலர்காரர் தன் தாளை விரித்து, "புதுசு முப்பத்தெட்டுதானே?" என்று கேட்டார். அது அப்படியே வந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமைக்காரனுக்காகக் கட்டிய மேடையில் ஆறு நாளும் நான் கையைத் தூக்கி நிற்க வேண்டும். என் வலிக்கும் இவர்கள் ஒரு பெயர் வைப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரு நாள் அந்தப் பெயரைச் சொல்லியே தைலம் தேய்த்துக்கொள்வேன்.

"என் ஒசரத்துக்குப் போடுங்க" என்றேன்.

"அப்பம் அவன் குனியணுமே" என்றார் அத்தான்.

"குனியட்டும்."

உங்கள் கொழுந்தன் மெதுவாக, "ஏட்டி, புள்ள ஆசையா செய்யுதான்" என்றார்.

"வாரத்துல ஒரு நாள் குனிஞ்சா எலும்பு தேஞ்சிராது. அக்கா நாலு விரக்கடதான் கேட்டா. குடுத்தமா? நாந்தானே ஹால் மொதல்லன்னு சொன்னேன். இன்னைக்கும் நான் வாய மூடிக்கிட்டு நின்னா என்ன சோறு எறங்கும் எனக்கு?"

உங்கள் மகன் கேட்டான், "சித்தி, அம்மாவுக்கு இது ஒசரமாவா இருந்துச்சு?"

"பலகையில ஏறி நிப்பால்லா, பாத்ததில்லையா நீ?"

"பாத்திருக்கேன்" என்றான். "அம்மான்னா அப்படித்தான் நிப்பாங்கன்னு நெனச்சேன்."

உங்கள் வயிற்றில் பிறந்து, உங்கள் கையால் தின்று வளர்ந்த பிள்ளை. கெட்டவன் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கசக்கிறது. அவன் மாடுலர்காரரிடம் திரும்பி, "சித்திக்கு அளவெடுங்க சார்" என்றான். நான் கையை மடக்கிக் காட்டினேன். முப்பத்திரண்டு. அவர் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். கொத்தனார் அடுத்த செங்கல்லைத் தட்டினார்.

அவ்வளவுதான் அக்கா. பெரிய சண்டை வரும் என்று நினைத்தேன். யாராவது கத்தியிருந்தால், நான் அழுது ராயகிரியில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தால், அன்று உங்களுக்காக வாயைத் திறக்காததற்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். யாரும் கத்தவில்லை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அன்று ஹாலைப் பற்றி நான் சொன்னதும் ஒரு வாக்கியம்தான். வேறு ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம்.

இப்போது தினமும் அங்கே நிற்கிறேன். குழம்பைக் குனிந்து பார்க்க முடிகிறது. சட்டியைத் தூக்காமல் தள்ளியே இறக்க முடிகிறது. நேற்று உங்கள் கொழுந்தன், "இப்பம் வசதியா இருக்காட்டி?" என்று கேட்டார். இருக்கு என்றேன். பொய் இல்லை. ரொம்ப வசதியாக இருக்கிறது அக்கா. அருவருப்பாக இருக்கிற அளவுக்கு வசதியாக இருக்கிறது.

செல்வி