அட்டையின் பச்சைப் பக்கம்

அன்புச் சிட்டுக்கு, உன் தாய்மாமன் வானத்துக்கு அடுத்த வீட்டிலிருந்து எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். நான் மட்டும் எல்லோரையும்விடக் கொஞ்சம் கூடுதலாக நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். தவிர, இந்த ஓட்டல் மேஜையின் இழுப்பறையில் பெயர் அச்சடித்த வழுவழுத் தாள் சும்மா கிடந்தது. எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்த ஒருவன் அதைப் பார்த்துவிட்டு எழுதாமல் போனால் கல்விக்கு என்ன மரியாதை? எழுத்துப் பிழை இருந்தால் அது பேனாவின் பிழை.

நீ என்ன தெரிந்துகொள்ளத் துடிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நீ வேலை பார்க்கும் ஓட்டல்காரர்களிடம் சொல்லி, ஊழியர் குடும்பத்துக்கான சலுகையில் அப்பா அம்மாவுக்கு இங்கே இருக்கும் அவர்கள் ஓட்டலிலேயே அறை போட்டுக் கொடுத்தாய். "அப்பா அந்த ரூம்ல கால் வெச்சாத்தான் நான் நம்ம வீட்ல கால் வெப்பேன்"னு அம்மாவிடம் சொன்னாய். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. பதில் வரும். ஆனால் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. மாமா பட்ட பாட்டை வரிசையாகப் படி.

முதலில் கட்டடம். அண்ணாந்து பார்த்ததில் பிடித்த கழுத்து இன்னும் நேராகவில்லை. லிப்டில் ஏறினோம். நான் மேலே வந்துவிட்டேன், என் வயிறு கீழேயே நின்றுவிட்டது. அடுத்த லிப்டில்தான் அது வந்து சேர்ந்தது. அறை ஜன்னலில் நின்றால் மேகம் வந்து கண்ணாடியில் முட்டுகிறது. காக்கா பறப்பதை மேலேயிருந்து பார்த்தேன். காக்காவின் முதுகைப் பார்த்தவர்கள் நம் குடும்பத்தில் வேறு யாராவது உண்டா? அது காக்கா இல்லை, காற்றில் பறந்த கறுப்புப் பை என்று உன் அம்மா சொல்கிறாள். அவள் அப்போது கண்ணாடி போட்டிருக்கவில்லை, அவள் சாட்சி செல்லாது.

குளியலறைத் தொட்டியில் நம் வீட்டுச் சமையலறையையே இறக்கி வைக்கலாம். குழாய்க்குத் திருகு கிடையாது. கையைக் காட்டினால் தண்ணீர் வருகிறது, எடுத்தால் நிற்கிறது. உன் அப்பா ரயில்வே கேட்டில் கொடி காட்டி ரயிலை அனுப்பிய மாதிரி நான் அரை மணி நேரம் தண்ணீரை அனுப்பிக்கொண்டிருந்தேன். கோட்டு போட்ட மேனேஜர் என்னைக் கண்டதும் எழுந்து நின்று கை கொடுத்தார். அவர் முதலிலிருந்தே நின்றுகொண்டுதான் இருந்தாராம், நான்தான் அவர் கையைப் பிடித்து ஆட்டினேனாம். இதுவும் உன் அம்மா சொல்வது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா கிளம்பவே இல்லை. அவரைத்தான் உனக்குத் தெரியுமே. ரயில்வே வேலைக்கு வந்த உத்தரவை நீ திருப்பிக் கொடுத்துவிட்டு ஓட்டல் வேலைக்குக் கடல் தாண்டிப் போன அன்றைக்கு, "ஊரார் படுக்கையை விரிக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்" என்று கேட்டவர், உன்னிடம் அன்று மூடிய வாயை இன்னும் திறக்கவில்லை. நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "அத்தான், மெத்தை தாலாட்டுப் பாடுமாம், வாங்க" என்றேன். "நீ போய்த் தூங்கு, எனக்கு நம்ம பாய் போதும்" என்றார். அக்காவுக்கு வந்ததே கோபம். "நீங்க வராட்டி இருங்க. எம் பொண்ணு கொடுத்தது, நான் என் தம்பியோட போறேன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்த வேகத்தில் மூக்குக்கண்ணாடியை பிரிட்ஜ் மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

ஆக, அவளுக்குக் கண் தெரியாது, எனக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு பேருமாக அறைக்குள் நுழைந்தோம்.

கதவின் உள்பக்கக் கைப்பிடியில் ஓர் அட்டை தொங்கியது. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு. சிவப்புப் பக்கத்தில் பொன்னிறக் கரை போட்டு, எழுத்தெல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி எடுப்பாக இருந்தது. பெரிய மனிதர்கள் தங்கியிருக்கிறார்கள் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்று அந்தப் பக்கம் தெரியும்படி வெளிக் கைப்பிடியில் மாட்டி வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய ஓட்டலில் 'தண்ணி வேணுமா, துண்டு வேணுமா' என்று கேட்க ஆள் இல்லையா என்று எனக்கு ஆத்திரம். உன் அம்மா கட்டிலின் ஓரத்தில் ஒரு விரற்கடை இடத்தில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னக்கா தெரியுது என்று கேட்டேன். "எல்லாம் மங்கலா இருக்கு" என்றாள். கண்ணாடி இல்லாததைச் சொன்னாளா, வேறு எதையாவது சொன்னாளா, நான் கேட்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் பசி வந்தது. கீழே போய்ச் சாப்பிடலாம் என்று கதவைத் திறந்தால், லிப்டுக்கு எதிரே கிடந்த நாற்காலியில் உன் அப்பா. தேய்த்த வெள்ளைச் சட்டை. மடியில் அம்மாவின் கண்ணாடிக் கூடு. அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, ரயிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் கிளம்பியதற்கு அடுத்த பஸ்ஸிலேயே புறப்பட்டுவிட்டாராம். மத்தியானத்திலிருந்து அங்கேயே இருக்கிறார். "கதவைத் தட்டினா என்ன? கையில என்ன வளையலா போட்டிருக்கு?" என்று அக்கா கேட்டாள். "சிவப்பு போட்டிருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் பதில்.

அப்புறம்தான் தெரிந்தது, அந்தச் சிவப்புப் பக்கத்துக்கு அர்த்தம் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்று. சொன்னது அந்த மாடியின் அறைகளையெல்லாம் மேற்பார்வை பார்க்கும் பெண். உன் வயசுதான் இருக்கும், உன் வேலைதான். உள்ளே போன் போட்டுச் சொல்லட்டுமா என்று அவள் கேட்டதற்கு, "வேண்டாம்மா, சிவப்புன்னா காத்திருக்கணும். நான் கேட் கீப்பர், நானே தாண்டலாமா" என்றாராம் உன் அப்பா. அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அதைக் குடித்துவிட்டு அவளிடம் கேள்வி மேல் கேள்வி. நின்னுக்கிட்டே வேலை செஞ்சா கால் வலிக்காதா, சாப்பாடு உங்களுக்கும் இதேதானா இல்ல மிச்சம் மீதியா, வெளியூர்னா யாரோட தங்கியிருக்கே, காய்ச்சல் வந்தா யார் பார்ப்பாங்க. அவள் ஒன்றுக்குப் பதில் சொல்லும் முன்னே அடுத்தது. எதுக்குக் கேட்கிறீங்க ஐயா என்று கேட்டிருக்கிறாள். "எம் பொண்ணும் இதே வேலைதான்" என்றாராம்.

சிட்டு, 'எம் பொண்ணு' என்று அவர் வாயால் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று. அந்தப் பெண் இதைச் சொன்னபோது உன் அம்மா கண்ணாடியைப் போட்டாள், கழற்றினாள், புடவைத் தலைப்பால் துடைத்தாள், மறுபடி போட்டாள். நான் மட்டும் திடமாக நின்றேன். அந்தத் தாழ்வாரத்தில் எங்கிருந்தோ தூசி பறந்து என் கண்ணில் விழுந்தது, அது வேறு சங்கதி.

ஆக, சிவப்பை மாட்டியது யார்? உன் மாமா. நேரே உள்ளே வந்திருந்தால் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பியிருப்பார். இதெல்லாம் என் திட்டம். உன் அம்மா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். கண்ணாடி வந்ததிலிருந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து வரிக்கு வரி திருத்துகிறாள்.

உள்ளே வந்தார். செருப்பை வெளியே கழற்றப் போனவரை நான்தான் தடுத்தேன். கட்டிலில் உட்காரவில்லை. சுற்றிச் சுற்றி வந்தார். விரிப்பை மூலையில் மடித்துச் செருகியிருந்த இடத்தில் குனிந்து பார்த்தார். உள்ளங்கையால் ஒரு முறை தடவினார். "ஒரு சுருக்கம் இல்ல" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "அவளும் இப்படித்தான் போடுவாளா" என்று கேட்டார்.

உன் அம்மா விட்டாளா? "அதை அவகிட்டயே கேளுங்க. அட்டையில சிவப்பைப் பார்த்து அரை நாள் உட்கார்ந்தீங்களே, நம்ம வீட்டு வாசல்ல நீங்க போட்ட சிவப்பைப் பார்த்துக்கிட்டு ஒருத்தி வருஷக்கணக்கா நிக்கிறா. கேட்டை மூடினவருக்குத் திறக்கத் தெரியாதா?" என்றாள். நான் உடனே குளியலறைக்குப் போய்த் தண்ணீரை அனுப்ப ஆரம்பித்தேன். சில நேரங்களில் பெரிய மனிதர்கள் அந்த இடத்தில் இருக்கக் கூடாது.

இரவானதும் உன் அப்பா விரிப்புக் கலைந்துவிடும் என்று தரையில் படுக்கப் போனார். அக்கா அதட்டிக் கட்டிலில் படுக்க வைத்தாள். நான் சோபாவில்.

காலையில் நான் அந்தத் தொட்டியில் ராஜா மாதிரி குளித்துவிட்டு, இடுப்பில் துண்டோடு வெளியே வருகிறேன், எதிரே தள்ளுவண்டியும் துடைப்பமுமாக இரண்டு பெண்கள். துண்டைப் பிடிப்பதா, கும்பிடுவதா? நானே வரச் சொன்னேன் என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு மறுபடி உள்ளே போனேன். என்னவென்று பார்த்தால், எழுந்ததும் உன் அப்பா அட்டையைத் திருப்பி மாட்டியிருக்கிறார். பச்சை. "அத்தான், பச்சைன்னா ரூமைப் பெருக்க வான்னு அர்த்தம்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எடுத்து விட்டேன். "எனக்குத் தெரிஞ்ச பச்சைக்கு ஒரே அர்த்தம்தான்டா. வரலாம்" என்றார்.

வந்த பெண்களை விரிப்பைத் தொட விடவில்லை. அவரே இழுத்து, மூலையை மடித்துச் செருகியிருந்தார். கொஞ்சம் கோணல்தான். நீ வந்து சொல்லிக் கொடு.

நீங்களும் ரெண்டு வரி எழுதுங்க என்று அக்கா பேனாவை நீட்டினாள். வாங்கி, மூடியைத் திறந்து, மூடி, என்னிடமே கொடுத்துவிட்டார். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டார். இந்தக் கடிதத்தோடு உறைக்குள் ஓர் அட்டை இருக்கும் பார். ஆயுசுக்கும் சர்க்கார் சாமான் ஒரு குண்டூசியை வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர், இந்த ஓட்டல் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டிருக்கிறார். பச்சைப் பக்கம் மேலே இருக்கும்படி மடிப்புக்குள் வைத்தவர் அவர்தான். இதில் மட்டும் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. உன் அம்மா தலையாட்டுகிறாள்.

டிக்கெட்டைப் போடு, கண்ணு. வரும்போது அந்த அட்டையை மறக்காமல் எடுத்து வா. அடுத்தவன் பொருளை எடுத்துவிட்டோமே என்று உன் அப்பா இப்போதே பதறிக்கொண்டிருக்கிறார். தபாலில் அனுப்பிவிடாதே. நீ நேரில் கொண்டுவந்து கையில் கொடுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

எந்த ஊரில் இருந்தாலும் உன் தலைக்கு மேலே கூரையும், பக்கத்தில் நல்ல மனிதர்களும் இருக்கட்டும்.

காக்காவின் முதுகைப் பார்த்த,
உன் தாய்மாமன்