பச்சைப் புடவை

மயிலாப்பூர்,
7.6.1995

என் அக்காவுக்கு,

பாலவாக்கத்தில் யாரிடமும் இதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. எழுத்துக்கூட்டியாவது நீயே படி.

நேற்று அவர் என்னை பென்ஷன் ஆபீசுக்குக் கூட்டிப் போனார். பட்டாளத்தை விட்டு வந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி என்று உன் பெயர்தான் இருக்கிறது. உனக்குக் குழந்தை இல்லை என்று என்னைக் கட்டிக்கொண்ட பிறகும் அவர் அதை மாற்றவில்லை. அவர் காலத்துக்குப் பிறகு பென்ஷன் எனக்கு வராதாம். "புள்ளைங்கள நெனச்சிப் பாரு" என்றார். நானும் கிளம்பினேன். நீ விட்டுப்போன பச்சைப் புடவையைத்தான் கட்டியிருந்தேன். வேறு நல்ல புடவை இல்லை.

"சம்சாரம் பேரு தப்பா கீது சார். இந்தப் பேர்ல எங்க வூட்ல யாருமே இல்ல" என்று அவர் கிளார்க்கிடம் சொன்னார்.

கிளார்க் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், அக்கா. ஆட்டிய பிறகுதான் உடம்பு கூசியது.

"உன் பேரு இன்னாம்மா?" என்றார்.

உன் பெயரைச் சொன்னேன்.

"அதானே இதுல கீது! அப்புறம் இன்னாய்யா தப்பு?" என்று புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டார். வரும்போது பஸ்ஸில் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

நாளைக்கு அவருக்கு ஒன்று ஆகிவிட்டால், அந்தப் புத்தகத்தை எடுத்து உனக்குக் கொடுத்தனுப்புகிறேன், அதோடு நீ போ. யாராவது கேட்டால், அன்றைக்குப் பச்சைப் புடவையில் வந்தது நீதான் என்று சொல். புடவையைத் துவைத்து இதோடு கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

முகம் காட்ட முடியாத
உன் தங்கை