வாடிக்குப் பின்னால் நின்ற யானை

கல்முனை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் நஸ்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் உம்மாவும் சுகம். கட்டாரில் உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்க துஆச் செய்கிறோம். வியாழனன்று நீ ஃபோனை வைத்த பிறகு திரும்ப எடுத்துப் பார்த்தேன், பதிலில்லை. கதைத்தால் இருவருக்கும் கோபம் வரும், அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

முதலில் அந்தப் படம். வரிப்பத்தான்சேனை வயலில் உன் மாப்பிள்ளை றிம்சான் காவல் குடிசையான வாடியின் வாசலில் குந்தியிருந்து தேநீர் குடிக்கிறார். அவர் முதுகை உரசுவதுபோல ஒற்றை யானை நிற்கிறது. எடுத்தவனும் குடும்பக் குறூப்பில் போட்டவனும் நான்தான். படம் நன்றாக வந்த சந்தோஷத்தில் ஒரு வரி விளக்கம் எழுத மறந்துவிட்டேன்.

நான் யானைக்குக் கிட்டப் போகக்கூடாது என்றுதானே நீ அந்த டெலிகன்வர்ட்டரை அனுப்பினாய். கமராவுக்கும் ஸூம் லென்ஸுக்கும் நடுவில் அதைப் பூட்டினால் தூரத்து உருவம் இன்னும் பெரிதாகும். ஆனால் வெளிச்சம் குறையும். பிளேன்டீயில் வெந்நீர் கூட்டினால் கோப்பை நிறையும், சாயம் மெலியும் அல்லவா, அதுபோல. கை லேசாக நடுங்கினாலும் படம் கலங்கிவிடும். நான் நெல் சாக்கில் மணல் நிரப்பி வரம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்துத்தான் எடுத்தேன்.

நான் இருந்த இடத்திலிருந்து வாடி வெகுதூரம். வாடிக்கும் யானைக்கும் நடுவில் நாலைந்து வயலும் ஒரு வாய்க்காலும். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் இடைவெளி ஒட்டிக்கொள்ளும். நம் பிரதான வீதியில் நின்று தூரத்து மின்கம்பங்களைப் பார்த்தால் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி நிற்கும். கிட்டப் போனால் நடுவில் எத்தனை கடைகள்!

இதை றிம்சானுக்கும் விளங்கப்படுத்தினேன். அவர் சிரிக்கவில்லை. அறுவடைக்கு முன் வயலை விட்டுக் கட்டாருக்கு வராவிட்டால் இனிக் கதைக்கமாட்டேன் என்று நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தார். அது அவருடைய வாப்பா விட்டுப்போன வயல், மகள். உனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் நம்மோடு இருப்பவருக்குத் தன்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் உண்டு.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் அது பாதிப் பாடம். படம் எடுத்த மறுநாள் காலை வாடியின் பின்பக்க வரம்பு இடிந்து கிடந்தது. கூரைக் கிடுகும் இழுபட்டிருந்தது. முந்திய இரவு றிம்சான் பக்கத்து வயல் முனாப்போடு மரப் பரணில் படுத்திருந்தார், அல்ஹம்துலில்லாஹ். அதை நான் படம் எடுக்கவில்லை. படம் தூரத்தைத்தான் பிழையாகக் காட்டியது; உன் பயம் பிழையில்லை. இனி வாடியில் படுப்பதில்லை என்று அவர் எனக்கு வாக்குத் தந்திருக்கிறார்.

இதையும் எழுதாமல் உம்மா என்னை விடுவதாயில்லை. "ஆனையக் கிட்டக் கொண்டுவாற சாமான அனுப்பத் தெரிஞ்ச புள்ளைக்கு, தான் கிட்ட வரத் தெரியல்ல" என்கிறாள்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு றிம்சான் வயலோரக் குளக்கட்டின் மேல் ஏறி ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அங்கேதான் சிக்னல் வரும். கேட்டால், சும்மா நிற்கிறேன் மாமா என்கிறார். ஏசுவதானாலும் சரி, நீ அவருக்கு ஃபோன் எடுத்து ஏசு. அந்தக் குளக்கட்டில் இருட்டிய பிறகு ஒருவர் அதிக நேரம் தனியே நிற்கக்கூடாது.

அல்லாஹ் உங்கள் இருவரையும் தன் காவலில் வைத்திருப்பானாக.

உன் வாப்பா,
மஜீட்