கோடு நிற்கிறது, கம்பி நிற்கவில்லை

மார்ச் 4, செவ்வாய்

மத்தியானம் முழுவதையும் பாட்டின் ஆறாவது பார், அந்த ஒரே ஒரு தாளக் கட்டம், தின்றுவிட்டது. திரையின் மேல்பாதியில் கிட்டார் டேப்: கம்பிக்கு ஒரு கோடு, கோட்டின் மேல் விரல் வைக்க வேண்டிய ஃப்ரெட் கட்டத்தின் எண். கீழே நான் வாசித்துப் பதிந்த ஒலியின் அலை. இந்த மென்பொருள் பட்டாளத்துக்காரன் மாதிரி ஒரே நடை நடக்கும். நான் அப்படி வாசிக்கிறவள் இல்லை. ஆறாவது பாரில் தயங்குவேன், ஏழில் எட்டிப் பிடிப்பேன். அதனால் ஒவ்வொரு பாரின் குறியையும் இழுத்து, என் அடி விழுகிற இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டு ஒரு பக்கம், திரையில் ஓடும் சிவப்புக் கோடு ஒரு பக்கம், கற்றுக்கொள்கிறவர் நடுவில் திருதிருவென்று.

இணையப் பாடத் தளத்தின் மேனேஜர் (நான் வைத்த பெயர் டிக்டிக்) அப்போதே சொன்னார்: "காதுல டிக்டிக்னு தாளம் தட்டுற க்ளிக் போட்டுக்கிட்டு வாசிங்க மேடம், சிங்க் தானா உட்காந்துடும்." உட்காரும். பாட்டு படுத்துவிடும். என் சொந்தப் பாட்டுகள், என் நடையில்தான் வாசிப்பேன், குறி இழுக்கும் சிங்க் வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மல்லுக்கட்டி வாங்கிய வேலை இது. முணுமுணுக்கக்கூட உரிமை இல்லை.

அப்பா பக்கத்திலேயே இருந்தார். கடைசல் பட்டறை இரைச்சல் அவர் காதை எப்போதோ கொண்டுபோய்விட்டது. ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிவப்புக் கோட்டையே பார்ப்பார். அடி கையில், கோடு கண்ணில். இரண்டும் ஒன்றாக வந்தால் தலையாட்டுவார். என் வாசிப்பை அவர் கேட்பது இப்படித்தான்.

மார்ச் 14, வெள்ளி

எல்லாப் பாட்டையும் அனுப்பியாயிற்று. முதுகு விறகுக்கட்டை.

ஏப்ரல் 5, சனி

அரங்கத்துக்காரர் போன் செய்தார். எடுத்த எடுப்பில், "கை இப்ப எப்படி இருக்குங்க?"

எந்தக் கை?

"உடம்பைப் பாத்துக்கங்க. அடுத்த மாசக் கச்சேரிக்கு வேற ஆளைப் போட்டுட்டோம், தப்பா நினைச்சுக்காதீங்க."

என் கைக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். நோயாளி நோயை மறைக்கிறாள் என்பது போல "சரிங்க, சரிங்க" என்று வைத்துவிட்டார். நல்லா இருக்கிற கைக்கு நலம் விசாரிப்பு! யார் கிளப்பிவிட்டது?

தம்பி சொல்கிறான்: "உனக்கு வாய்தான் கோளாறுன்னு இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன்." ஓங்கி ஒன்று வைத்தேன். முதுகைத் தடவிக்கொண்டே, "கை நல்லாத்தான் இருக்கு, எழுதித் தரேன்" என்றான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"ஏம்மா, கோடு நிக்குது. கம்பி நிக்கலையே."

தளத்தில் என் பாடத்தொடர் வந்துவிட்டதாம், தம்பி போட்டுக் கொடுத்தானாம். ஸ்பீக்கர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். முதல் பாட்டு. ஆறாவது பாரில் சிவப்புக் கோடு நான் தயங்குகிற இடத்தில் தயங்குகிறது. ஒலியோ அதுபாட்டுக்குப் போகிறது. தடதடவென்று, ஒரு சுருக்கமும் இல்லாமல், இஸ்திரி போட்ட மாதிரி.

என் பாட்டு. என் பெயர். என் படம். வாசிப்பது நான் இல்லை.

எல்லாப் பாட்டும் அப்படித்தான். என் ஒலியைத் தூக்கிவிட்டு வேறு யாரையோ க்ளிக்குக்கு வாசிக்கவைத்துப் போட்டிருக்கிறார்கள். சிங்க் மட்டும் என்னுடையது, அதை மாற்றக்கூடச் சோம்பல். கீழே பின்னூட்டம்: "டேப் தப்பு." "இவங்களுக்குத் தாளமே வராதா?"

எவ்ளோ திமிரு இருந்தா இதைச் செய்வாங்க! ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணல? நான் என்ன செத்தா போயிட்டேன்? அழுத்திய அழுத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. இதையும் வியாதி என்பார்கள்.

ஏப்ரல் 7, திங்கள்

டிக்டிக் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே பேசினார்.

"உங்க வாசிப்புல வேகம் ஏறி இறங்குது மேடம். கத்துக்கிறவங்க குழம்புவாங்க."

"அதுக்குத்தானே உட்கார்ந்து சிங்க் பண்ணிக் கொடுத்தேன்?"

"உங்க பேர்தானே போட்டிருக்கோம்? கோபப்பட இதுல என்ன இருக்கு?"

"பேர் என்னது. கை யாருது?"

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

கை யாருடையது என்று எனக்கே தெரியும். நேற்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கட்டைவிரலால் அடிக்கம்பியை அப்படி அதட்டுகிறவன் இந்த ஊரில் ஒருத்தன்தான், பதிவுக்கூடங்களில் வாசிக்கும் சுருட்டைமுடிப் பையன், சுருட்டை. தம்பி விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. என் கச்சேரியை அரங்கத்துக்காரர் கொடுத்திருப்பதும் அவனுக்குத்தான். ஆகா! ஒலியும் போச்சு, மேடையும் போச்சு, இரண்டும் ஒரே பைக்குள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நன்றாகத் திட்டுவதற்கென்றே போனேன். வழியெல்லாம் ஒத்திகை. பதிவுக்கூடத்து வாசலில் கிட்டார் பையோடு நின்றவன் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, இடது கையைத்தான் பார்த்தான்.

"கட்டு அவிழ்த்துட்டாங்களா அக்கா?"

ஒத்திகை பார்த்ததை விட்டுவிட்டு, "எந்தக் கட்டு?" என்றேன்.

எனக்குக் கை முடியவில்லை, தொடர் பாதியில் நிற்கிறது, நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும் என்று டிக்டிக் அவனிடம் கெஞ்சியிருக்கிறார். "என் பேர் போடாதீங்க, பாட்டு அக்காவோடதுன்னு நான்தான் சொன்னேன். அரங்கத்துக்காரர்கிட்டயும் பாவம்னு வருத்தப்பட்டு நான்தான்..." அவன் முகம் செத்துப்போயிற்று. பிறகு, "ஆறாவது பார்ல நிக்கணும்னு எனக்கும் தோணுச்சுக்கா. டேப்ல நீங்க எழுதியிருந்த விதமே அப்படி. காதுல க்ளிக்கை மாட்டிவிட்டுட்டாங்க."

இவனை எப்படித் திட்டுவது? கோபத்தை அப்படியே திருப்பிக்கொண்டு வீடு வந்தேன். குறையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

இரண்டு பேருமாகப் போனோம். சுருட்டை என்னைவிடக் கொதித்தான். "என் வாசிப்பை எடுங்க. இல்லைன்னா நானே வீடியோ போட்டு நடந்ததைச் சொல்லுவேன்."

டிக்டிக்: "சின்ன கம்யூனிகேஷன் கேப்..."

"கேப் இல்லைங்க," என்றேன், "பொய்."

ஏப்ரல் 11, வெள்ளி

யோசிக்கிறார்களாம்.

ஏப்ரல் 19, சனி

என் ஒலி திரும்ப வந்துவிட்டது. மன்னிப்பு? அது எந்தக் கடையில் கிடைக்கும்! ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: "இப்பதிவில் வேகம் சீராக இருக்காது." பீடிக்கட்டில் எச்சரிக்கை போடுகிற மாதிரி. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் அப்பாவை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். ஆறாவது பார் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "இது நீ" என்றார்.

ஏப்ரல் 30, புதன்

சுருட்டை போன். குரலில் ஒரு கள்ளத்தனம். "கச்சேரி உங்களுக்குத் திரும்ப வரும் அக்கா. எனக்குக் கை வலின்னு அரங்கத்துல சொல்லிட்டேன்."

கத்திவிட்டேன். "அறிவு இருக்கா உனக்கு? பொய்யால போனதைப் பொய்யாலயே வாங்கணுமா? நாளைக்கு உன் கையை எவன் விசாரிப்பான்?" உடனே போய் உண்மையைச் சொல்லச் சொன்னேன். நானும் கூடவே போனேன். அரங்கத்துக்காரர் எங்கள் நான்கு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "ரெண்டு பேருமே வாசிச்சுத் தொலைங்க" என்றார்.

மே 10, சனி

வாசித்தோம். நான் தயங்கிய இடத்தில் அவன் காத்திருந்தான். யாரும் குழம்பவில்லை.

ஜூன் 16, திங்கள்

டிக்டிக் கூப்பிட்டனுப்பினார். புதுத் தொடர் வேண்டுமாம், "உங்க நடையிலேயே" வாசிக்கலாமாம். ஒப்பந்தத்தில் ஒரு வரியை நானே எழுதிச் சேர்த்தேன்: என்னைக் கேட்காமல் ஒலியை மாற்றினால் பெயர், படம், பாட்டு மூன்றும் அன்றைக்கே தளத்தைவிட்டு வெளியே.

படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "இதுக்கு மேலிடத்துல கேக்கணுமே."

"கேளுங்க" என்று எழுந்துவிட்டேன்.

"உட்காருங்க மேடம், போன்லயே கேட்டுடறேன்."

"மெதுவாக் கேளுங்க. எனக்கு அவசரம் இல்லை."

தெருவுக்கு வந்த பிறகும் கோபம் கொஞ்சம் இருந்தது. பசி அதைவிட அதிகமாக இருந்தது. தம்பிக்குப் போன் போட்டு, உலையில் இன்னொரு பிடி அரிசி போடு, சுருட்டையும் சாப்பிட வருகிறான் என்றேன்.