பட்டிக்குள் ஒரு காகித ரிக்

திருச்செங்கோடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சாமி சிவக்குமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது, அதைச் சாக்காக வைத்து நடக்காமல் இருக்கிறார். அங்கே கனடாக் குளிரில் நீயும் சுகன்யாவும் பாப்பாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மலைமேல் இருக்கிற சாமியை நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்லிவிடுகிறாய், காகிதம் என்றால் குறுக்கே பேசாது. அதோடு இந்த உறைக்குள் பாப்பாவுக்கு ஒரு சாமான் வைத்திருக்கிறேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உனக்கு வேண்டிய பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். போகிக்குக் காப்புக் கட்டுகிற அன்றைக்குப் பேசியபோது, தாளாளருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடும்மா, இந்த வயசில் உனக்கு எதற்கு வீம்பு என்றாய். நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. கடிதத்தோடு வந்தால் வகுப்புக்குப் போகலாம், இல்லையென்றால் கேட்டிலேயே திரும்பிக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் எழுதப் போவதில்லை சாமி. இத்தனை வருஷம் பார்த்த வேலை போனாலும் போகட்டும். உன்னிடம் யாரோ பாதிக் கதை சொல்லியிருக்கிறார்கள், முழுக் கதையை நான் சொல்கிறேன், பிறகு நீயே சொல் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருஷமும் பொங்கலுக்கு முன்னால் கண்காட்சி நடக்கும், உனக்குத் தெரியும். லீவில் பிள்ளைகள் செய்துகொண்டு வர வேண்டும் என்று பெயர், ஆனால் செய்வது ஸ்டேஷனரி கடைக்காரர். அப்பா அம்மா போய் தெர்மாகோல் வீடும் பளபளா மாடும் வாங்கி வருவார்கள், பிள்ளை பெயர் எழுதிய சீட்டை நாங்கள் ஒட்டுவோம், போட்டோ எடுப்போம். இந்த வருஷம் என் ரெண்டாம் வகுப்பை மாட்டுப் பட்டி ஒன்று ஜோடித்துப் பட்டிப் பொங்கல் காட்சி வைக்கச் சொன்னார்கள். அரைப் பரீட்சை லீவு விடும்போது நான் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், கடைச் சாமான் கூடாது, பெரியவர்கள் கை வைக்கக் கூடாது, உங்கள் வீட்டுக்குச் சோறு போடுவது எதுவோ அதைக் காகிதத்தில் செய்துகொண்டு வாருங்கள், பட்டிக்குள் கட்டலாம் என்று. மாடும் ஆடும் கோழியும் வரும் என்றுதான் நான் நினைத்தேன். அப்பாகூட முதலில் இந்த வேலையெல்லாம் உனக்கு எதற்கு என்று முனகிவிட்டு, மறுநாள் நம் தறிக்கொட்டகையிலிருந்து நூல் தீர்ந்த காகிதக் கோன்களை ஒரு சாக்கு நிறைய அள்ளிக்கொண்டு வந்து போட்டார், பிள்ளைகளுக்குக் கொடு என்று.

லீவு முடிந்து வந்தார்கள் பார், எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முட்டை அட்டையை வெட்டி ஒருத்தன் கோழி செய்திருந்தான், கொண்டை மட்டும் கோழியைவிடப் பெரிசு. கல்யாணப் பத்திரிகையை மடித்து ஒருத்தி மாடு வெட்டியிருந்தாள், மாட்டின் வயிற்றில் மாப்பிள்ளை பெயர் இருந்தது. ஒருத்தன் தறி, ஒருத்தி இட்லிக் குண்டா. நம் பக்கத்து வீதி அறிவு இருக்கிறானே, தண்ணீருக்குப் போர் போடுகிற ரிக் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் போய்விட்டு மாசக்கணக்கில் வராமல் இருப்பான், அவன் மகள் கிருத்திகா கோனை நட்டுவைத்து, பேப்பரைக் குழல் குழலாகச் சுருட்டிப் பைப் அடுக்கி, ஒரு ரிக் வண்டியே செய்துகொண்டு வந்தாள். இது பட்டிக்குள்ள எப்படிம்மா நிற்கும் என்றேன். எங்கூட்டுல மாடு இல்லீங்க மிஸ், ரிக்குதானுங்க இருக்குது என்றாள். நான் சொன்னதைத்தான் அந்தப் பிள்ளை செய்திருக்கிறது. மாட்டுக்கும் கோழிக்கும் நடுவில் ரிக்கை நிறுத்தினேன்.

கண்காட்சியன்று காலையில் தாளாளர் சுற்றிப் பார்க்க வந்தார். பட்டிக்குள்ள ரிக் லாரியா, என்ன கேலிக்கூத்து இது, அட்மிஷன் நோட்டீசுக்குப் போட்டோ எடுக்கணும், இப்படிக் கோணலும் மாணலுமா இருந்தா எவன் பிள்ளையைச் சேர்ப்பான் என்றார். சொல்லிவிட்டு ஆயாவை விட்டுக் கடையில் வாங்கிய தெர்மாகோல் மாடுகளைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றிலும் என் பிள்ளைகள் பெயர் ஏற்கெனவே ஒட்டியிருந்தது சாமி. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. செய்யாததைச் செய்ததாகச் சொல் என்று ஏழு வயசுப் பிள்ளைக்கு நான் சொல்லித்தர மாட்டேனுங்க என்றேன். பிள்ளைகளைக் கூப்பிட்டு அவரவர் செய்ததற்குப் பின்னால் அவரவரை நிற்க வைத்தேன். அதற்குள் பெற்றோர்கள் வந்துவிட்டதால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சாயந்திரம் ரூமுக்குக் கூப்பிட்டுத்தான் அந்த மன்னிப்புக் கடிதத்தைக் கேட்டார். இதுதான் நடந்தது.

நான் ஒன்றும் உன் பேச்சைத் தூக்கி எறிந்துவிடவில்லை. பிள்ளை அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு கவலைப்படுகிறானே என்று ஒரு நல்ல வெள்ளைத் தாளை எடுத்து, மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கு என்று மேலே எழுதினேன். அதற்குக் கீழே பேனா நகரவில்லை. எதற்கு மன்னிப்பு என்று எழுத வேண்டுமே, அது எனக்கு வரவில்லை. அப்படியே மடிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டேன்.

மாட்டுப் பொங்கலன்று நம் பட்டியில் பொங்கல் வைத்தோம். ஊருக்கு வந்திருந்த அறிவும் குடும்பத்தோடு வந்தான். பட்டி நடுவில் மண்ணால் குட்டிக் குளம் மாதிரி தெப்பம் கட்டித் தண்ணீர் விட்டுப் பூப் போட்டு முடித்ததும், அறிவு மகளைக் கூப்பிட்டு, நமக்கு அதுதானே சோறு போடுது, உன்ற ரிக்கையும் கொண்டுபோயி வெய்யி கண்ணு என்றான். அவளும் கரையில் வைத்துவிட்டு வந்தாள். பட்டி பெருக என்று எல்லோரும் சத்தம் போட, கன்றுக்குட்டி மிரண்டு தெப்பத்தைத் தாண்டிக் குதித்தது, குதித்த இடம் ரிக்மேல். கோன் நசுங்கி, பைப்பெல்லாம் சேற்றில் போய்விட்டது. அறிவு முகம் சுருங்கிவிட்டது, கிருத்திகா அழுவாள் என்று பார்த்தால், அவள் குனிந்து பார்த்துவிட்டு, இன்னொண்ணு பண்ணிக்கறனுங்க மிஸ், காயிதம் இருக்குதுங்களா என்றாள்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கடையில் வாங்கியது உடைந்தால் அழத்தான் தெரியும், தன் கையால் செய்தவளுக்கு இன்னொன்று செய்யத் தெரியும். இதைச் சொல்லிக் கொடுத்ததற்குத்தான் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். வீட்டுக்குள் போய்த் தேடினேன், பொங்கலுக்குச் சுத்தம் பண்ணிப் பழைய பேப்பரையெல்லாம் கடையில் போட்டாகிவிட்டது, ஒரு துண்டு காகிதம் இல்லை. மேசைமேல் அந்த வெள்ளைத் தாள் மட்டும்தான் கிடந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன். உட்கார்ந்த இடத்தில் மடித்து ஒட்டி, பழையதைவிட நேராக ஒரு ரிக் செய்துவிட்டாள். வண்டியின் பக்கவாட்டில், கம்பெனி பெயர் எழுதுகிற இடத்தில், மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கு என்று என் கையெழுத்து நிற்கிறது. அப்பா பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் முழங்கால் வலியே மறந்துபோனது.

ஆகவே நாளைக்கு நான் வெறுங்கையோடு போகவில்லை சாமி. அந்த ரிக்கைத்தான் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைக்கப் போகிறேன். கடிதம் கேட்டார், அவருக்கு என்று எழுதியே இருக்கிறது. கிருத்திகாவிடம் கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன், பாத்துட்டுத் திருப்பித் தந்துரச் சொல்லுங்க மிஸ் என்றாள். கேட்டில் நிறுத்தினாலும் பரவாயில்லை, தறிக்கொட்டகையில் ஒரு மூலையை ஒதுக்கித் தருகிறேன் என்று அப்பாவே சொல்லிவிட்டார், சனிக்கிழமை சனிக்கிழமை பிள்ளைகள் அங்கே காகித வேலை பழக வருவார்கள்.

உறைக்குள், நேற்று வந்த கல்யாணப் பத்திரிகை அட்டையை மடித்து அதில் ஒரு மாடு வரைந்து வைத்திருக்கிறேன். வெட்டவில்லை, பாப்பாவே வெட்டட்டும். மடித்திருக்கிற பக்கம் மாட்டின் முதுகு, அதை மட்டும் வெட்டக் கூடாது, வெட்டினால் மாடு ரெண்டாகப் போய்விடும் என்று சொல்லிக் கொடு. சுகன்யாவுக்கு என் அன்பு. மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு, நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. பாப்பா வெட்டும்போது நீ கத்தரியை வாங்காதே சாமி, கால் கோணலாக வந்தாலும் அப்படியே ஜன்னலில் நிறுத்தி வை.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்காத உன் அம்மா
கமலவேணி